உணர்விழந்த பாதம்

கேள்வி

ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவள். வயது 52. முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தேன். சீனி வருத்தத்தினால் (நீரிழிவினால்) இடது காலில் புண் வந்து, எட்டு மாதங்களுக்கு முன் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். எங்கள் கோயில் மேட்டில் இருக்கிறது, முப்பத்தெட்டுப் படி. காலை எடுத்த பிறகு ஒரேயொரு ஞாயிறு மகன் என்னைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கென்று, "சுவிசேஷகனுடைய பாதங்கள் மலைகளின்மேல் எவ்வளவு அழகாயிருக்கின்றன" என்ற வசனத்தை வாசித்தார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. டவுனிலிருந்து வந்த ஒரு ஜெபக்குழு, அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இரு என்று சொன்னது. இரவில் இல்லாத காலின் பெருவிரல் வலிக்கிறது. அதை அசுத்த ஆவி என்கிறார்கள். என்னால் முழந்தாள்படியிட முடியாது, நற்கருணை எடுக்கலாமா? சரீரம் ஆலயம் என்கிறார்களே, நான் இடிந்த ஆலயமா? கடைசி நாளில் ஒரு காலோடுதான் எழுந்திருப்பேனா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இலங்கை மலையகத்து வைத்தியசாலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் இயன் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். கால் இழந்தவர்களை மறுபடியும் நடக்கப் பழக்குவதே என் அன்றாட வேலை. குருவானவர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டக் கோயில்களில் ஆராதனை நடத்தும் பொறுப்பும் எனக்கு உண்டு. ஆகவே உங்கள் காலைப் பற்றிய கேள்வியையும் கோயிலைப் பற்றிய கேள்வியையும் தனித்தனியே பிரித்துப் பதில் சொல்ல எனக்கு வராது. நீங்களும் அவற்றைப் பிரித்து எழுதவில்லை.

காத்திருக்க முடியாத விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இந்தப் பதிலை முழுவதும் வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திராமல் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பி, இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் மருந்தையும் விட்டு, நாள் முழுவதும் பட்டினியும் கிடப்பது உயிருக்கே ஆபத்து. உபவாசம் நல்லது, ஆனால் அது உங்களுக்கு உரியதல்ல. பவுல் அப்போஸ்தலன் தம்முடன் இருந்த ஒருவரை "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் குறிப்பிடுகிறார். வைத்தியரைக் கூடவே வைத்திருந்த அப்போஸ்தலனின் விசுவாசத்தை யாரும் குறைவென்று சொன்னதில்லை.

இரண்டாவதாக, இல்லாத பெருவிரலின் வலி. அது ஆவியின் வேலையல்ல. கால் இழந்தவர்களில் மிகப் பலர் அதை உணர்கிறார்கள். ஆனால் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று அஞ்சி, என்னிடம்கூட மூன்றாம் நான்காம் சந்திப்பில்தான் வாய் திறக்கிறார்கள். நம் மூளைக்குள் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. காலைச் சத்திரசிகிச்சையில் எடுத்துவிடலாம், ஆனால் மூளையில் அந்தக் காலுக்குரிய இடத்தை யாரும் எடுப்பதில்லை. அந்த இடம் தன் காலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பின் நுனியிலிருந்து வரும் சமிக்ஞைகளையும் காலிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்கிறது. தமிழரான நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைக் கொண்டு வழி கண்டார். நீள்கண்ணாடியொன்றை இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இழந்த காலின் இடத்தில் தெரியும்படி உட்கார்ந்து, நல்ல காலை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை; ஆனால் சிலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. கிளினிக்கில் இந்த வலியை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கென்று மாத்திரைகளும் இருக்கின்றன.

பாவத்தைப் பற்றிய பேச்சுக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை, ஏனென்றால் ஆண்டவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று அவர் சொன்னதாக யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் கால் போனதற்கான காரணத்தை நான் சொல்ல முடியும். இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்காக ஏறியிருந்தால் அது நரம்புகளைக் கெடுக்கிறது. உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் அவை முதலில் கெடுகின்றன. பாதத்தில் உணர்வு போன பிறகு, மலையில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி குத்தினாலும், சப்பாத்து இல்லாத விரலிடுக்கில் அட்டைக் கடி புண்ணானாலும், குளிருக்கு அடுப்படியில் கால் நீட்டிச் சூடு பட்டாலும் தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறுவதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போய்ப் பேர் போட்டால்தான் சம்பளம் என்ற நிலையில், வலிக்காத புண்ணுக்காக ஒரு நாளை விட்டுவிட்டு வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்?

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். சரீரம் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் வரும் அந்த வசனத்தை வேதாகமத்தை எடுத்து மறுபடியும் ஒருமுறை பாருங்கள். "உன் சரீரம்" என்று அங்கே இல்லை. "உங்கள் சரீரமானது" என்றே இருக்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரைப் பார்த்துப் பேசும்போது "உன்" என்றும், பலரைப் பார்த்துப் பேசும்போது "உங்கள்" என்றும் வரும். கிரேக்க மூலத்திலும் அந்த இடத்தில் பன்மைதான். ஆனால் சரீரம் ஒருமையில் நிற்கிறது. ஒவ்வொருவருடைய உடம்பும் பரிசுத்தமானது என்பதை இது மறுப்பதில்லை. அந்த அதிகாரமே ஒவ்வொருவரும் தம் உடம்பைக் கொண்டு செய்வதைப் பற்றித்தான் பேசுகிறது. எனினும், பலருக்கு ஒரு சரீரம் என்று அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் விரித்துச் சொல்லப் போவதற்கு இந்தச் சிறிய "உங்கள்" ஏற்கெனவே இடம் வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆலயம் என்பது நீங்கள் ஒருவர் தனியே தாங்கி நிற்க வேண்டிய கட்டடமல்ல, சகோதரி. உங்கள் கால் போனதால் அது இடியவில்லை. எட்டு மாதமாக உங்கள் பெஞ்சில் நீங்கள் இல்லாதிருந்தும், அந்த வெற்றிடம் யாருக்கும் நோகவில்லை என்றால், அங்கேதான் நான் விரிசலைப் பார்க்கிறேன்.

நோகவில்லை என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீராக்கி வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுந்துவிடும் என்றுதான் அதுவரை பொதுவாக நம்பினார்கள். அவர் கண்டதோ வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் நோயாளி சுடுசட்டியைத் துணியில்லாமல் பிடிக்கிறார், காயத்தோடு நடக்கிறார், இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. அவயவத்தை அழிப்பது உணர்விழப்பே என்று அவர் காட்டினார். சீனி வருத்தத்தால் மரத்துப்போன பாதங்களைக் காப்பதற்கு இன்று நாங்கள் கற்றுக்கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த அறிவின் வழியாக வந்ததுதான். வலியை ஒரு கொடை என்றே அவர் பேசி வந்தார். வலியால் துடிக்கிறவரின் கட்டிலருகில் நின்று அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் வலியே இல்லாத பாதத்தில் எலும்பு தெரிகிற புண்ணோடு புன்னகையுடன் வந்து நின்ற தாய்மாரைப் பார்த்த ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியென்றே உணர்ந்திருக்கிறேன்.

"ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப்பாடுபடும்" என்று பவுல் அந்த 12ஆம் அதிகாரத்தில் எழுதியதை நாம் பெரும்பாலும் ஓர் அழகான அறிவுரையாக வாசித்துவிட்டுப் போகிறோம். என் தொழிலில் இருப்பவனுக்கு அது ஒரு பரிசோதனை. பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்போமே, அதைப் போன்றது. காலில் புண் வந்தால் கண் தூங்காது, கை தடவிக்கொடுக்கும், முதுகு வளைந்து பாரத்தைத் தாங்கும். அதுதான் நலமுள்ள உடம்பு. காலில் புண் இருந்தும் கண் நிம்மதியாகத் தூங்கினால், நரம்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் சபையார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்று அவர்களும், அவர்களுக்குப் பாரமாவேன் என்று நீங்களும் எட்டு மாதமாக விலகி நின்றிருக்கலாம். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: பாதத்தில் உணர்வு இல்லை என்று தெரிந்தால், "இனி உங்கள் கண்தான் உங்கள் நரம்பு, தினமும் விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவோம். சபைக்கும் நான் இதையே சொல்வேன். தானாக உணர்வு வருமென்று காத்திராமல், ஞாயிறுதோறும் யார் வரவில்லை என்று கண்ணால் எண்ணிப் பார்த்து, அந்த வாரமே அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பகுதியை உங்கள் மகனைக் கொண்டு குருவானவருக்கும் மாதர் சங்கத்தாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னால், அதை நான் எனக்குச் செய்த உதவியாகவே எடுத்துக்கொள்வேன். அதே அதிகாரத்தில் "தலையானது கால்களைப்பார்த்து: நீங்கள் எனக்கு வேண்டுவதில்லையென்றும் சொல்லக்கூடாது" என்று இருப்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்தலாம். உங்களுக்கோ அங்கே வேறொரு வசனம் இருக்கிறது: காலானது, நான் கையாயிராதபடியினாலே சரீரத்தின் அவயவமல்ல என்று சொன்னாலும், அதினாலே அது அவயவமாயிராமல் போவதில்லை. விலகியிருக்கும் அவயவமும் அவயவம்தான்.

நற்கருணையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம், நின்றும் எடுக்கலாம், உட்கார்ந்தும் எடுக்கலாம். முதலாவது இராப்போஜனத்தில் யாரும் முழந்தாள்படியிட்டிருக்கவில்லை. ஆண்டவர் பன்னிருவரோடு பந்தியிருந்தார். கோயிலுக்கு வர முடியாத நோயாளியின் வீட்டுக்கே நற்கருணையைக் கொண்டுபோவதற்கான ஒழுங்கு நம்முடைய பொது ஜெபப் புத்தகத்திலேயே இருக்கிறது. குருவானவரிடம் அதைக் கேட்பது உங்கள் உரிமை. அபாத்திரமாய் எடுத்துவிடுவேனோ என்ற பயம் உங்கள் மனதில் இருந்தால், கொரிந்து சபையில் பவுல் யாரைக் கண்டித்தார் என்று அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தாங்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தியவர்களையே கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாதவர்கள் என்றார்.

என் தாயும் கொழுந்து எடுத்தவர். சிறுவனாக நற்கருணைக் கம்பியருகே அவருடன் போய் நிற்கும்போது, வரிசையாக நீண்டிருக்கும் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாத கொழுந்துக் கறை ஒவ்வொரு விரலின் வெடிப்பிலும் கறுப்பாக இருக்கும். அந்தக் கைகளின் மேல் வெள்ளை அப்பத்தை வைத்துக்கொண்டே உபதேசியாரும் குருவானவரும் நகர்ந்து போவார்கள். கிறிஸ்துவின் சரீரம் என்ற சொற்களைக் கேட்கும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கைகள்தான். உங்கள் கைகளும் அந்த வரிசையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்திருக்கின்றன.

உயிர்த்தெழுதலைப் பற்றி, எழுதப்பட்டிருப்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் துணிய மாட்டேன். "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. விதை வேறு, முளைத்து வருவது வேறு என்றும், இரண்டும் ஒன்றின் தொடர்ச்சியே என்றும் பவுல் அங்கே காட்டுகிறார். ஆகவே, வைத்தியசாலையில் எடுத்த கால் எங்கே போயிற்றோ என்று நீங்கள் இரவில் கலங்க வேண்டியதில்லை. கடலில் மாண்டவர்களையும் தீயில் மாண்டவர்களையும் எழுப்ப வல்லவருக்கு அது ஒரு தடையல்ல. இன்னொன்றும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவிடம் தம்முடைய கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணிகள் துளைத்த இடங்கள் மறைந்துபோகவில்லை. அவற்றைக் கொண்டுதான் தோமா அவரை அடையாளம் கண்டார். வடு இருப்பதால் ஒரு சரீரம் குறைந்துபோவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டிய செடி துளிர்ப்பதுபோல என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெட்டிய கால் துளிர்ப்பதில்லை. அதற்காக நீங்கள் அழுவது அவிசுவாசமுமல்ல.

ஆனால் நடக்கலாம். எட்டு மாதமாகியும் பொய்க்காலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது. காயம் நன்றாக ஆறியிருந்தால் தாமதிக்காமல் கிளினிக்கில் கேளுங்கள். ஜெய்ப்பூர் கால் என்று ஒன்று இருக்கிறது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் வைத்தியர் பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து, வெறுங்காலோடு நடக்கிற, தரையில் அமருகிற நம் போன்றவர்களுக்காகவே உருவாக்கிய கால் அது. கொழும்பில் 1831இல் தொடங்கப்பட்ட பிரண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 1980களிலிருந்து அதைச் செய்து கொடுத்து வருகிறது. வைத்தியசாலையின் கடிதத்துடன் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால், பயணத்துக்கும் உதவித்தொகைக்கும் வழி கேட்கலாம். அதுவரை முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு பொய்க்கால் பொருத்துவது கடினம். பகலில் இரண்டு மூன்று தடவை, இருபது நிமிடம் குப்புறப் படுங்கள். எஞ்சிய பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மீள்தன்மையுள்ள துணிப்பட்டியால் கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றுங்கள். சுற்றும் முறையைத் தாதியிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் அதே ஆபத்து இருக்கிறது.

அந்த முப்பத்தெட்டுப் படிகளுக்கும் ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் பொய்க்காலும் முதலில். ஒரு பக்கமாவது கைப்பிடிக் கம்பி வேண்டும். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டுமென்று 2006இல் விதிகளும் வந்தன. ஆனால் ஒரு கோயிலில் கம்பி போடுவதற்குச் சட்டத்தைக் காட்ட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே என் ஆசை. கப்பர்நகூமில் நான்கு பேர் திமிர்வாதக்காரன் ஒருவனைச் சுமந்து வந்து, கூட்டத்தினால் கிட்டப் போக முடியாமல், கூரையையே பிரித்து இறக்கினார்கள். கம்பி போடும்வரை உங்களை நாற்காலியில் வைத்துத் தூக்க நான்கு வாலிபர்கள் அந்தத் தோட்டத்தில் இல்லாமலா போவார்கள்? ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்: தூக்குவதற்கு முன் உங்களைக் கேட்க வேண்டும். தூக்கப்படுகிறவருக்கும் மானம் உண்டு.

வேலூரில் போல் பிராண்டுடன் வேலை செய்த மேரி வர்கீஸ் என்ற இளம் வைத்தியர், 1954இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் சத்திரசிகிச்சை செய்தார். அங்கே அங்கவீனமுற்றோருக்கான மறுவாழ்வுத் துறைக்கும் தலைமை தாங்கினார். நீங்களும் அவரைப்போல் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கால் செய்துவந்த வேலை போனாலும் கை செய்துவந்த வேலை போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் சபையில் என்ன செய்துவந்தீர்கள் என்று எழுதவில்லை. பாட்டெடுத்துக் கொடுத்தீர்களோ, நற்கருணைத் துணிகளை வெளுத்தீர்களோ, பிடியரிசி சேர்த்தீர்களோ தெரியாது. அது எதுவானாலும் அது இன்னும் உங்களுடையதுதான். உட்கார்ந்து செய்ய முடியாத ஊழியம் கோயிலில் மிகக் குறைவு.

கடைசியாக, பாதங்களைப் பற்றி அன்று கோயிலில் வாசித்த அந்த வசனம். ஏசாயா 52ஆம் அதிகாரத்தில் அதைச் சுற்றியிருப்பதையும் சேர்த்து வாசியுங்கள். "பாழான ஸ்தலங்களே" என்று அழைக்கப்படுகிற எருசலேமின் இடிபாடுகளுக்குள் இருந்துகொண்டு, மலைமேல் ஒருவர் செய்தியோடு வருவதைப் பார்க்கிறவர்களின் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறது. நெடுந்தூரம் கல்லிலும் முள்ளிலும் நடந்து வந்த பாதம் எப்படி இருந்திருக்கும் என்று மலையில் முப்பத்தொரு வருடம் நடந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பார்ப்பதற்கு அழகான பாதங்கள் என்று அவர்கள் பாடவில்லை; வந்து சேர்ந்ததற்காகப் பாடினார்கள். அந்த வசனம் வாசிக்கப்பட்டபோது உங்களைத் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவராவது ஆராதனை முடிந்ததும் உங்கள் அருகே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்காததற்காக, அதே ஊழியத்தில் இருக்கிறவன் என்ற முறையில் நான் வருந்துகிறேன்.

பெரிய வியாழக்கிழமை உங்கள் கோயிலில் பாதங்கழுவுதல் நடக்குமானால், இந்த முறை உங்களையும் முன்வரிசையில் உட்கார வைக்கும்படி குருவானவரிடம் கேளுங்கள். இருக்கிற ஒரு பாதத்தைக் கொடுங்கள். பாத்திரத்தில் வெந்நீர் கலப்பவர் யாராயிருந்தாலும், முதலில் தம் முழங்கையை நனைத்துச் சூட்டைப் பார்த்துவிடட்டும். உங்கள் பாதத்துக்கு அது தெரியாது. கழுவிய பின் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடவும் சொல்லுங்கள்.